நன்னீர் மீனில் 96 மணி நேர நச்சுச் சோதனை: முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு வேதிப்பொருள் குளத்திலோ ஆற்றிலோ கலந்தால் அங்குள்ள மீனுக்கு எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், ஆய்வுக்கூடம் முதலில் தருவது ஓர் எண். சோதனைக்கு விட்ட மீன்களில் பாதியை 96 மணி நேரத்தில் கொல்லும் செறிவு அது. எல்.சி.50 என்பார்கள். பூச்சிமருந்துப் பதிவு, வேதிப்பொருள்களின் அபாய வகைப்பாடு, ஆலைக் கழிவுநீர்க் கட்டுப்பாடு என்று பல இடங்களில் இந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது.

விலங்கியல், மீன்வளம், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் பலர் முதல் ஆய்வுத் திட்டமாக எடுப்பதும் இதைத்தான். நான்கு தொட்டி, கொஞ்சம் மீன், ஒரு மருந்து என்று பார்த்தால் எளிதாகத் தெரியும். ஆனால் 96 மணி நேரத்தில் கிடைக்கும் எண்ணின் தரம் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் தண்ணீரையும் மீனையும் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி மருந்தைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

உலகெங்கும் பின்பற்றப்படும் முறை ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டுதல் எண் 203. 1981இல் வந்தது, 1992இல் திருத்தப்பட்டது, 2019இல் மறுபடி நன்றாகத் திருத்தப்பட்டது. இணையத்தில் 1992ஆம் ஆண்டுப் பிரதியே அதிகம் சுற்றுகிறது. 2019 பதிப்பை எடுத்துப் படியுங்கள். இந்தியாவில் கழிவுநீர்ச் சோதனைக்கு ஐ.எஸ். 6582 என்ற தரநிலை இருக்கிறது. எடுத்துக்காட்டாக இங்கே வரிக்குதிரை மீனையும் காப்பர் சல்பேட்டையும் (நம் ஊர் மயில்துத்தம்) எடுத்துக்கொள்கிறேன். காப்பர் எளிதில் கரையும், எளிதில் அளக்கலாம். அதைவிட முக்கியம், தண்ணீர் மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதை இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் பொருள் குறைவு.

முதல் கேள்வி: மீன் தேவையா?

முழுச் சோதனை என்றால் ஐந்து செறிவு, ஒரு கன்ட்ரோல் (மருந்து சேர்க்காத ஒப்பீட்டுத் தொட்டி), ஒவ்வொன்றிலும் குறைந்தது 7 மீன். ஆக 42 மீன். அதில் ஏறக்குறைய பாதி சாகும். சாவதற்கு முன் துன்பப்படும். ஆகவே ஏற்கெனவே அதே பொருளுக்கு, அதே மீனில், நம்பத்தக்க எண் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்கள் சோதனை புதிதாக எதைச் சொல்லப்போகிறது என்று வழிகாட்டியிடம் பேசுங்கள். வெறும் பயிற்சிக்காக என்றால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் 48 மணி நேரச் சோதனை செய்து இதே கணக்கையெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

மீன்தான் வேண்டும் என்றாலும் எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டு. பாசியிலும் டாஃப்னியாவிலும் சோதனை செய்து, இரண்டில் எது குறைந்த செறிவிலேயே பாதிக்கப்படுகிறதோ அந்த ஒரே செறிவில் மட்டும் மீன்களை விட்டுப் பார்ப்பது ஒன்று. மீன் சாகவில்லை என்றால் அந்தப் பொருளுக்கு மீனைவிட மற்றவை நுண்ணுணர்வு மிக்கவை என்று தெரிந்துவிடும். முழுச் சோதனைக்கு அவசியம் இருக்காது. இன்னொன்று, வரிக்குதிரை மீனின் கருவில் செய்யும் ஓ.இ.சி.டி. 236 சோதனை; 2013இல் ஏற்கப்பட்டது. மீனின் செவுள் செல்களை வைத்தே செய்யும் 249ஆம் எண் முறை 2021இல் வந்தது.

இந்தியாவில் மீனும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் வந்த பிறகுதான் மீன் வாங்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதுங்கள்: மீன் எந்த நிலைக்குப் போனால் அதைத் துன்பமின்றி முடித்துவிடுவீர்கள், அதை எப்படிச் செய்வீர்கள். சாகும் தறுவாயில் உள்ள மீனை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று அலைவது மீனுக்கும் கொடுமை, உங்களுக்கும் கொடுமை.

மீன்

வரிக்குதிரை மீன் தெற்காசியாவின் மீன். 1822இல் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களை விவரித்தபோது இதற்கும் பெயர் வைத்தார். இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இருக்கிறது. சிறியது, குறைந்த தண்ணீர் போதும், 21 முதல் 25 பாகை செல்சியஸில் சோதிக்கலாம். சாதாக் கெண்டை, மெடாகா, கப்பி, ஃபேட்ஹெட் மின்னோ ஆகிய மீன்களும் வழிகாட்டுதலின் பட்டியலில் உண்டு. வானவில் ட்ரவுட்டுக்கு 10 முதல் 14 பாகைக் குளிர்நீர் வேண்டும். குளிரூட்டும் கருவி இல்லாத கூடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டாம். ரோகு, கட்லா குஞ்சுகளில் செய்த ஆய்வுகள் நம் நாட்டில் நிறைய. உள்ளூர் நீர்நிலையைப் பற்றிய கேள்வி என்றால் அவை பொருத்தமானவையே.

எல்லா மீன்களும் ஒரே குஞ்சுத்தொகுதியிலிருந்து, ஒரே வயதில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் வர வேண்டும். வரிக்குதிரை மீன் என்றால் 2 செ.மீ. அளவு குஞ்சு நல்லது. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தையில் வாங்குவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். அங்கே பல பண்ணை மீன்கள் ஒரே தொட்டியில் கலந்திருக்கும். நோய் வராமலிருக்க மருந்தும் போட்டிருக்கலாம். முடியாதபோது வளர்ப்பவரிடமே நேரில் சென்று, ஒரே தொட்டியின் மீன்களைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக என்ன மருந்து, எப்போது போட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

இந்தச் சோதனையில் அதிகம் கெடுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றேற்றினால் குளோரின் போய்விடும். குளோரமைன் போட்ட நீராக இருந்தால் காற்றேற்றினாலும் போகாது. இதற்காக மீன்கடையில் விற்கும் நீர்த் திருத்தி மருந்தை ஊற்றுவது பலரின் வழக்கம். உலோகத்தைச் சோதிக்கும்போது இதைச் செய்யவே கூடாது. அவற்றில் பலவற்றில் உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. போன்ற பொருள் கலந்திருக்கும். காப்பர் தொட்டியில் இருக்கும், ஆனால் மீனின் செவுளை அடையாது. மீன்கள் பிழைத்துக்கொள்ளும், காப்பர் பெரிய ஆபத்தில்லை என்று உங்கள் ஆய்வேடு சொல்லும். சோடியம் தயோசல்பேட்டும் சில உலோகங்களைப் பிடிக்கும்.

தமிழ்நாட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் மிகக் கடினமானது. வழிகாட்டுதல் ஏற்பது லிட்டருக்கு 10 முதல் 250 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு). பி.எச். 6.0 முதல் 8.5 வரை. உங்கள் நீரை டைட்ரேஷன் செய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடினத்தன்மைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காப்பர் மீனைத் தாக்குவது செவுளில். செவுள் வழியாக மீன் நீரிலிருந்து சோடியத்தை உள்ளே இழுத்து உடலின் உப்புச் சமநிலையைக் காக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியைக் காப்பர் முடக்குகிறது. மீன் சோடியத்தை இழந்து சாகிறது. நீரில் கால்சியம் அதிகம் இருந்தால் அது செவுளில் காப்பர் ஒட்டும் இடங்களுக்குப் போட்டியிட்டு மீனைக் காக்கிறது. நீரில் கரைந்த மட்கு போன்ற கரிமப்பொருளும் காப்பரைக் கட்டிவைக்கும். ஆகவே மென்னீரில் கிடைத்த எல்.சி.50க்கும் வன்னீரில் கிடைத்ததற்கும் பெரிய இடைவெளி இருப்பது இயல்பு. கடினத்தன்மையைக் குறிப்பிடாமல் காப்பரின் எல்.சி.50 என்று ஓர் எண்ணை மட்டும் தரும் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. நான் அப்படிப்பட்டவற்றை மேற்கோளாக எடுப்பதே இல்லை.

சிக்கலைத் தவிர்க்க நீரை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம். தூய அயனிநீக்கிய நீரில் நான்கு உப்புகளைத் தனித்தனியே, ஒவ்வொன்றையும் ஒரு லிட்டரில் கரைத்து வையுங்கள்:

கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 11.76 கிராம்
மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 4.93 கிராம்
சோடியம் பைகார்பனேட் 2.59 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 0.23 கிராம்

ஒவ்வொன்றிலிருந்தும் 25 மி.லி. எடுத்துக் கலந்து, அயனிநீக்கிய நீரால் ஒரு லிட்டராக்கினால் சோதனை நீர் தயார். கடினத்தன்மை 250 மி.கி./லி., பி.எச். 7.8 அளவில் நிற்கும். மென்னீர் வேண்டுமானால் இதையே அயனிநீக்கிய நீரால் நீர்க்கச் செய்யலாம். புட்டியின் லேபிளைக் கவனியுங்கள்: உங்களிடம் இருப்பது நீரற்ற கால்சியம் குளோரைடு என்றால் 11.76க்குப் பதில் 8.88 கிராம் போதும். தயாரித்த நீரை ஆக்சிஜன் நிறையும் வரை காற்றேற்றி, பிறகு இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்துப் பயன்படுத்துங்கள். பித்தளைக் குழாய், துத்தநாகம் பூசிய வாளி எதுவும் இந்த நீரைத் தொடக் கூடாது. இரண்டிலிருந்தும் உலோகம் கசியும்.

பழக்கப்படுத்துதல்

மீன் வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமான பிறகு மெதுவாக விடுங்கள். முதல் 48 மணி நேரம் பயண அலுப்பு தீரும் காலம். அதில் நடக்கும் சாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிந்தைய ஏழு நாளும் சோதனைக்குப் பயன்படுத்தப்போகும் அதே நீர், அதே வெப்பநிலை, நாளுக்கு 12 முதல் 16 மணி நேர வெளிச்சம். இந்த ஏழு நாளில் செத்தவற்றை எண்ணுங்கள். 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் மீன்கள் சோதனைக்கு ஏற்றவை. 5 முதல் 10 வரை என்றால் இன்னும் ஏழு நாள் பொறுங்கள். 10ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியையே விட்டுவிட வேண்டும். ஆய்வேடு கொடுக்கும் தேதி நெருங்கும்போது இந்த விதியை மீறத் தோன்றும். மீறினால், தொட்டியில் மீன் செத்தது காப்பராலா, ஏற்கெனவே இருந்த நோயாலா என்று பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சோதனைக்கு 24 மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள். சோதனையின் நான்கு நாளும் உணவு கிடையாது. உணவும் கழிவும் சேர்ந்தால் அம்மோனியா ஏறும். உணவுத் துணுக்குகள் மருந்தையும் உறிஞ்சும். அம்மோனியாவில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அயனியாகாத பகுதி. 25 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8இல் 5 விழுக்காடு அளவு. பி.எச். ஒன்று ஏறினால் ஆபத்து கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது. இதைத் தெரிந்துகொண்டால் தினமும் பி.எச். பார்க்கச் சொல்வதன் காரணம் விளங்கும்.

எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை மீன்

நீரை மாற்றாத முறையிலும், அவ்வப்போது மாற்றும் முறையிலும், ஒரு லிட்டருக்கு 0.8 கிராம் மீனுக்கு மேல் போகக் கூடாது. ஒரு குஞ்சு 0.2 கிராம் என்றால் 10 குஞ்சு 2 கிராம், குறைந்தது 2.5 லிட்டர் வேண்டும். 3 லிட்டர் விட்டால் பாதுகாப்பு. தொட்டி கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் பல கரிமப்பொருள்கள் ஒட்டிக்கொள்ளும்.

கரைசல்

மயில்துத்தம் என்பது ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த காப்பர் சல்பேட். அதில் காப்பரின் பங்கு 25.45 விழுக்காடுதான். 1 லிட்டரில் 1000 மில்லிகிராம் காப்பர் வேண்டுமானால் 3.93 கிராம் உப்பு எடுக்க வேண்டும். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. காப்பர் உள்ள ஸ்டாக் கரைசல் கிடைக்கும். இனி 3 லிட்டர் தொட்டியில் 0.4 மி.கி./லி. வேண்டும் என்றால்: 0.4 × 3 = 1.2 மி.கி.; அதாவது ஸ்டாக்கில் 12 மி.லி. அறிக்கை முழுவதும் காப்பர் என்ற தனிமத்தின் அளவா, உப்பின் அளவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம்.

பூச்சிமருந்துகளில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். கடையில் கிடைக்கும் சைபர்மெத்ரின் 10 சதவீதமாகவும் 25 சதவீதமாகவும் வருகிறது. மீதி கரைப்பானும் குழம்பாக்கியும். அவையும் மீனைப் பாதிக்கலாம். கடைச்சரக்கைச் சோதித்தால் கடைச்சரக்கு என்று எழுதி, வினைப்பொருளின் அளவையும் சேர்த்துக் கொடுங்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் மீனுக்கு லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலேயே கொடியவை. ஸ்டாக்கை நீர்க்கச் செய்வதில் ஒரு பத்து மடங்கு பிசகினால் எல்லாத் தொட்டியும் ஒரே மாலையில் காலியாகும்.

நீரில் எளிதில் கரையாத பொருளுக்கு அசிட்டோன் போன்ற கரைப்பானைச் சேர்ப்பதாக இருந்தால் லிட்டருக்கு 0.1 மி.லி.யைத் தாண்டக் கூடாது. அப்போது கரைப்பான் மட்டும் உள்ள இன்னொரு கன்ட்ரோல் தொட்டியும் வேண்டும். நீரில் கரையும் உச்ச அளவுக்கு மேல் போட்டு, அடியில் படிந்ததையும் செறிவாகக் கணக்கிடுவது தவறு.

செறிவுகளை எப்படித் தேர்வது

முதலில் முன்னோட்டம். லிட்டருக்கு 0.01, 0.1, 1, 10 மி.கி. என்று பத்துப் பத்து மடங்காக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மீன் மட்டும். எங்கே ஒன்றும் சாகவில்லை, எங்கே எல்லாம் செத்தன என்று பார்த்தால் நடுவே எந்த வீச்சில் இறங்க வேண்டும் என்று தெரியும். ஏற்கெனவே வெளியான தரவிலிருந்து வீச்சை ஊகிக்க முடிந்தால் முன்னோட்டத்தையும் சுருக்கலாம்.

முழுச் சோதனைக்குக் குறைந்தது ஐந்து செறிவுகள், ஒன்றுக்கு அடுத்தது ஒரே மடங்கில் உயர வேண்டும்; அந்த மடங்கு 2.2ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 0.1, 0.2, 0.4, 0.8, 1.6 மி.கி./லி. என்பது கணக்குக்கு வசதியான வரிசை. உங்கள் நீரில் காப்பருக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் முன்னோட்டம்தான் சொல்ல வேண்டும்.

நச்சு குறைவு என்று எதிர்பார்க்கும் பொருளுக்கு இத்தனை தொட்டி வேண்டாம். 100 மி.கி./லி. என்ற ஒரே செறிவும் ஒரு கன்ட்ரோலும் போதும். 7 மீனில் ஒன்றும் சாகவில்லை என்று வையுங்கள். உண்மையான எல்.சி.50 சரியாக 100 ஆக இருந்திருந்தால் ஒவ்வொரு மீனும் பிழைக்க வாய்ப்பு பாதி. ஏழும் பிழைக்க வாய்ப்பு 128இல் ஒன்று. ஆகவே எல்.சி.50 100க்கு மேல் என்று 99 விழுக்காடு உறுதியோடு சொல்லிவிடலாம்.

திங்கள் காலை

திங்கட்கிழமை காலையில் தொடங்குங்கள். வெள்ளி காலையில் முடியும். விடுமுறை நாளில் பார்க்க ஆளில்லாமல் போகாது. தொட்டிகளின் இடத்தைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஜன்னல் பக்கம் கன்ட்ரோல், சுவர்ப் பக்கம் அதிகச் செறிவு என்று வரிசையாக வைத்தால் வெளிச்சத்தின் விளைவும் மருந்தின் விளைவும் கலந்துவிடும். எல்லாத் தொட்டியிலும் வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன் அளந்து குறித்தபின், வேதிப் பகுப்பாய்வுக்கு நீர் மாதிரி எடுத்துவிட்டு மீன்களை விடுங்கள். வலையில் முதலில் சிக்கும் மீன் பெரும்பாலும் மந்தமான மீன். பத்தையும் பிடித்து ஒரே தொட்டியில் விட்டால் அந்தத் தொட்டி முழுக்க மந்தமானவையாகிவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒன்றிரண்டாகச் சுற்றுமுறையில் விடுங்கள். கன்ட்ரோல் தொட்டியின் மீன்களும் அதே வலை, அதே கை, அதே அலைச்சலைப் பட வேண்டும்.

கோடையில் அறை 30 பாகையைத் தாண்டும். குளிர்சாதனம் நான்கு நாளும் இரவுபகலாக ஓட வேண்டும். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். காற்றேற்றி வைக்கலாம், ஆனால் எளிதில் ஆவியாகும் பொருள் என்றால் குமிழ்களோடு மருந்தும் வெளியேறிவிடும்.

நீரை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக்கும் முறையைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். வேலை அதிகம்தான். ஆனால் காப்பர் போன்ற பொருள் கண்ணாடியிலும் சளியிலும் கழிவிலும் ஒட்டிக் குறைந்துகொண்டே போகும். நாலு நாள் அப்படியே விட்டால் கடைசி நாளில் மீன் எந்தச் செறிவில் இருந்தது என்று சொல்வது கடினம்.

பார்ப்பதும் குறிப்பதும்

முதல் நாள் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். விட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அடுத்த நாள்களில் காலை, மாலை. 24, 48, 72, 96ஆம் மணி நேர எண்ணிக்கை கட்டாயம் இருக்க வேண்டும்.

செவுள் அசைவு உட்பட எந்த அசைவும் இல்லை, வால் அடியை மெல்லத் தொட்டாலும் துடிப்பில்லை என்றால்தான் மீன் செத்ததாகக் கணக்கு. செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். உயிரோடு இருப்பவற்றில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு 2019 பதிப்பு தனி முக்கியத்துவம் கொடுத்திருக்கிறது. சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்கிறதா, மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுகிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, நிறம் கறுக்கிறதா வெளுக்கிறதா, கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்குகிறதா. ஒவ்வொன்றும் எத்தனை மீனில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ‘மீன்கள் சோர்வாக இருந்தன’ என்று பொதுவாக எழுதும் வரியால் பயனில்லை. நன்றாகக் குறித்த அறிகுறிகள் இருந்தால், வருங்காலத்தில் சாகும்வரை காத்திராமல் முன்னதாகவே சோதனையை நிறுத்தும் முறைக்கு உங்கள் தரவும் உதவும்.

தொட்டிகளில் செறிவுக்குப் பதில் குறியீட்டு எண் மட்டும் ஒட்டி, கரைசல் தயாரிக்காத ஒருவர் எண்ணினால் இன்னும் நல்லது. அதிகச் செறிவு என்று தெரிந்தால் கண் தானாகவே அறிகுறிகளைத் தேடும்.

தினமும் பி.எச்., வெப்பநிலை, ஆக்சிஜன் எல்லாத் தொட்டியிலும். ஆக்சிஜன் காற்றுச் செறிவூட்டலில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. 25 பாகையில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.கி. நீரை மாற்றும்போது பழைய நீரிலும் புதிய நீரிலும் மாதிரி எடுத்துக் காப்பரை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளக்கக் கொடுங்கள். அளந்த செறிவு நீங்கள் கணக்கிட்டதில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் நின்றால் கணக்கிட்ட செறிவையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் அளந்த செறிவுகளின் சராசரியை வைத்துத்தான் எல்.சி.50 கணக்கிட வேண்டும். இந்த அளவீடு இப்போது கட்டாயம். செலவைக் காரணம் காட்டி இதை விட்டுவிடுவது பல கல்லூரிகளில் நடக்கிறது; தொட்டியில் எவ்வளவு இருந்தது என்றே தெரியாமல் எழுதும் எண்ணுக்காக இத்தனை மீனைக் கொன்றிருக்க வேண்டியதில்லை.

கன்ட்ரோலில் 10 விழுக்காட்டுக்கு மேல் செத்தால், அல்லது பத்துக்குக் குறைவான மீன் விட்டிருந்து ஒன்றுக்கு மேல் செத்தால், சோதனை செல்லாது.

கணக்கு

ஒரு கற்பனைத் தரவை வைத்துப் பார்ப்போம். தொட்டிக்கு 10 மீன். செறிவு லிட்டருக்கு 100, 200, 400, 800, 1600 மைக்ரோகிராம். 96 மணி நேரத்தில் செத்தவை முறையே 0, 1, 4, 8, 10.

ஸ்பியர்மன்-கார்பர் முறைக்குக் கால்குலேட்டர் போதும். செறிவுகளின் மடக்கை: 2, 2.301, 2.602, 2.903, 3.204. அடுத்தடுத்த இரண்டின் நடுப்புள்ளிகள்: 2.1505, 2.4515, 2.7525, 3.0535. அந்தந்த இடைவெளியில் சாவு விகிதம் கூடிய அளவு: 0.1, 0.3, 0.4, 0.2. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 2.6622. எதிர்மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 459 மைக்ரோகிராம், அதாவது 0.46 மி.கி./லி. கீழ்க்கோடியில் சாவு பூஜ்யமாகவும் மேற்கோடியில் முழுமையாகவும் இருந்தால்தான் இந்த எளிய கணக்கு பொருந்தும். செறிவுக்கும் சாவுக்கும் கோடு பொருத்திப் பார்க்கும் புரோபிட் முறைக்கு இடைப்பட்ட சாவுள்ள செறிவுகள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். அதை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்து 95 விழுக்காடு நம்பக எல்லையையும் எடுங்கள். ஒரு செறிவில் ஒன்றும் சாகாமல் அடுத்ததிலேயே எல்லாம் செத்துவிட்டால், அந்த இரண்டு செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துத் தோராய எல்.சி.50 சொல்லலாம்.

வேதிப்பொருள் வகைப்பாட்டுக்கான உலக ஒழுங்குமுறையில் மீனின் 96 மணி நேர எல்.சி.50 1 மி.கி./லி. அல்லது அதற்குக் கீழ் என்றால் முதல் வகை. பொதியில் செத்த மீனும் பட்ட மரமும் உள்ள குறி வரும். 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. நம் கற்பனைப் பொருள் முதல் வகை. 0.46ஐ 0.4594 என்று எழுத வேண்டாம்; பத்து மீனை எண்ணிப் பெற்ற எண்ணுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

கழிவுநீருக்குக் கேள்வியே வேறு. இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரநிலைப்படி, நீர்க்கச் செய்யாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். அங்கே தேடுவது எல்.சி.50 இல்லை, தேறியதா தவறியதா என்ற ஒரே விடை.

அறிக்கையும் அப்புறப்படுத்தலும்

அறிக்கையில் மீனின் இனம், மூலம், நீளம், எடை, நீரின் கடினத்தன்மை, பி.எச்., வெப்பநிலை, ஆக்சிஜன், கணக்கிட்ட செறிவும் அளந்த செறிவும், ஒவ்வொரு 24 மணி நேரத்துக்குமான சாவு, அறிகுறிகள், கன்ட்ரோலின் நிலை, கணக்கிட்ட முறை ஆகியவை இருக்கட்டும். சோதனை செல்லாமல் போயிருந்தால் அதையும் ஆய்வேட்டில் பதிவுசெய்யுங்கள். அடுத்து வரும் மாணவர் அதே 42 மீனைப் பலிகொடுக்காமல் தப்பிப்பார்.

பிழைத்த மீன்களைக் குளத்திலோ கிணற்றிலோ விடக் கூடாது, யாருக்கும் வளர்க்கவும் கொடுக்கக் கூடாது. நெறிமுறைக் குழு ஏற்ற முறையில், மயக்க மருந்தை மிகையளவு கொடுத்து முடிக்க வேண்டும். செத்த மீன்கள் உயிரியல் கழிவோடு எரிப்புக்குப் போகட்டும். காப்பர் கரைசல்களைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றி நீரோடு கழுவிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு கேனில் சேர்த்து, காரம் விட்டு பி.எச்.ஐ 9 அளவுக்கு உயர்த்தினால் காப்பரின் பெரும்பகுதி நீலப் படிவாக இறங்கும். படிவைத் தனியே எடுத்து, லேபிள் ஒட்டி, அபாயகரக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். மேலே நிற்கும் நீரையும் ஒருமுறை அளந்து பார்த்த பிறகே வெளியேற்றுங்கள். தொட்டிகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அலசி, அயனிநீக்கிய நீரால் பலமுறை கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிய காப்பர் அடுத்த சோதனையின் கன்ட்ரோல் தொட்டிக்குப் போய்விடக் கூடாது.